பிளாஸ்டிக் கட்டியில் ஒரு சீதன வீடு

சனிக்கிழமை காலைகளில் இந்த ஊரின் நரைத்த ஆண்கள் தூண்டில் பெட்டிகளோடு மண்டபத்துக்கு வருகிறார்கள். வந்த புதிதில் அவர்களை மீன்பிடிக்கப் போகிறவர்கள் என்றே நினைத்தேன். கல்முனையில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? கடல் இங்கிருந்து வெகுதூரம் என்பது தெரிந்தும், இங்கிலீஸ்காரர் குளத்தில் மீனைப் பிடித்து முத்தம் கொடுத்துத் திரும்ப விடுகிறவர்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நம்பிவிட்டேன். ஒருநாள் ஒருவர் பெட்டியைத் திறந்தார். தூண்டிலும் இல்லை, இரையும் இல்லை. சிறுபிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டிகள், நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. பேரப்பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். அவர் மனம் நொந்துபோனார். இது பிரிக் கிளப் என்றார், தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்பவரின் முகத்தோடு.

அந்த மண்டபத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஊரில் இங்கிலீஸ் படிப்பித்த ஆசிரியர், இங்கிலீஸ்காரரின் நாட்டில் கதவு திறந்து விடுகிறார். வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் பாய் விரித்து நாங்கள் ஜும்ஆ தொழுவோம். சனிக்கிழமை அதே தரையில் இவர்கள் மேசை போட்டு ரயில்வே ஸ்டேஷன் கட்டுவார்கள். கீழே விழுந்த கட்டியொன்று பாய்க்கடியில் கிடந்து, அடுத்த வெள்ளிக்கிழமை ஸுஜூதில் யாருடைய நெற்றியையாவது பதம் பார்க்கும். எங்கள் ஊரில் அறுபது வயது மனிதன் பொம்மைக்கட்டியை வைத்துக்கொண்டு வாரம் முழுதும் யோசித்தால், லெப்பையைக் கூட்டி வந்து தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். இங்கே அதற்குத் தலைவர், செயலாளர், ஆண்டுப் பொதுக்கூட்டம். எங்கள் பள்ளிவாசல் நிருவாகத் தெரிவில் நடக்கும் அதே சண்டை சாம்பல் நிறக் கட்டியை யார் வீட்டுக்குக் கொண்டுபோனது என்பதற்கு நடக்கிறது. மனிதர்கள் எங்கும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி நான் காணவில்லை.

இந்த கிளப்பின் தலைவர் பெயர் கீத். நல்ல மனிதர், நகைச்சுவை என்று அவர் சொல்வதைத் தவிர வேறெதிலும் குறை சொல்ல முடியாது. என் பெயர் சனூஸ் என்று பலமுறை சொல்லியும் அவருக்கு நான் சன்னி. அவரிடம் ஹோலி என்ற இளம்பெண் வந்தாள். ஊர்க்காரர் ஒவ்வொருவரின் வீட்டைப் பற்றியும் யூடியூபில் தொடராகக் காணொளி போடுகிறவள். ஒருவர் தன் வீட்டைப் பற்றிக் கதைப்பார், கிளப்காரர் அதைக் கட்டியில் கட்டுவார்கள். பேக்கரிக்காரர் வீடு, ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு, நாய் வளர்க்கும் சகோதரிகள் வீடு எல்லாம் முடிந்துவிட்டன. பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போக, தொடருக்குக் கொஞ்சம் வெயில் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வெயில் தேடியவளின் கண்ணில் துடைப்பத்தோடு நான் பட்டேன்.

மாட்டேன் என்றுதான் சொல்ல இருந்தேன். ஆனால் கீத் ஒரு தாளை நீட்டி, வீட்டை வரைந்து காட்டச் சொன்னதும் கை தானாக வரையத் தொடங்கிவிட்டது. பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை, முன் விறாந்தை, முன் அறை, நடு அறை, பின்னால் சமையலுக்குக் குசினி, அதற்கும் பின்னால் நான் படித்த, படுத்த சின்ன அறை. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி முதற்கொண்டு வரைந்தேன். கீத் தாளைப் பார்த்துவிட்டு, “ஒட்டகம் வேண்டுமா? எங்களிடம் இரண்டு இருக்கிறது” என்றார். எங்கள் ஊரில் ஒட்டகம் இல்லை, மாடுதான் வீதியில் படுத்திருக்கும் என்றேன். “சரி, சரி, எருமை” என்று எழுதிக்கொண்டார். தென்னை மரம் அவர்களிடம் கடற்கொள்ளையர் தீவுப் பெட்டியில் வந்தது மட்டும்தான் இருந்தது. அதனால் எங்கள் வளவில் மூன்று தென்னைகளும் ஒன்றில் ஒரு கிளியும் வந்தன. கிளியைக் கழற்ற முடியாதாம். ஹோலி வீட்டுக்குப் போய் இணையத்தில் துழாவி, எங்கள் கரையைக் கடல் அடித்த கதையைக் கண்டுபிடித்து வந்து, இறுதியில் ஒரு அலையையும் காட்டலாமா என்று மெல்லக் கேட்டாள். கீத் நீலக் கட்டிகள் போதுமா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். அதற்கு மட்டும் நான் சொன்ன ‘நோ’வில் இருவரும் எழுந்து தேநீர் போடப் போனார்கள்.

கட்டி முடித்த வீடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அழகாகத்தான் இருந்தது. சுவர்கள் பச்சைக் கட்டியில் எழும்பியிருந்தன, விறாந்தைத் தூண் கூடச் சரியாக வந்திருந்தது. ஹோலி கமராவை வைத்தாள். நான் கதைத்தேன். முடிவுக்கு உருக்கமாக ஒரு வசனம் வேண்டும் என்றாள். கூரையில் கையை வைத்து, இது என் வீடு, ஒருநாள் திரும்பிப் போய் இதில் வாழ்வேன் என்று சொல்லச் சொன்னாள். பேக்கரிக்காரரும் தன் பழைய வீட்டைப் பற்றி அப்படித்தான் சொன்னாராம். நானும் சொன்னேன். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். நாற்பது வருடம் அந்த மண்ணில் வாழ்ந்தவனுக்கு அந்த வசனத்தின் நட்டம் தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கல்முனை தொடங்கி பொத்துவில் வரையுள்ள எங்கள் ஊர்களில் வீடு என்பது பெண்பிள்ளையின் சொத்து. ஒரு வாசலில் மணலும் கல்லும் குவிந்து கிடந்தால், அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். என் வாப்பா அப்படித்தான் உம்மாவின் வீட்டுக்கு வந்தார். நான் அப்படித்தான் நிந்தவூரில் என் மனைவி ஜெஸீமாவின் வீட்டுக்குப் போனேன். நான் கட்டியில் கட்டிய வீடு உம்மாவுடையது. அதைத் தங்கச்சி றிஸானாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்து, உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகும் வரை குசினிக்குப் பின்னால் இருந்த என் சின்ன அறையில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். தன் வீட்டில் தானே விருந்தாளியாவதை மார்க்கக் கடமை போலச் செய்கிறவர்கள் நாங்கள். மணக்கொடையான மஹரை மாப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும் என்று மிம்பர் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் வீட்டுக்கு மேல்மாடி உண்டா என்று விசாரிக்கும் நாக்கு எங்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. அந்த வீடு இப்போது றிஸானாவின் மகள் நுஸ்றாவுக்கு. அவளுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

காணொளி வெளியானது. ஊரில் ஒரு முகநூல் பக்கம் அதை எடுத்து, மண்ணின் மைந்தன், இங்கிலாந்தில் சாதனை என்று தமிழில் தலைப்பிட்டுப் பரப்பியது. நான் ஊரில் இருந்தபோது வீதி விளக்கு எரியவில்லை என்று எழுதிய கடிதத்தைக் கூடப் படிக்காத மனிதர்கள், பொம்மை வீட்டுக்கு மாஷாஅல்லாஹ் போட்டார்கள். அதில் ஒருவர் என்னைத் தன் அண்ணனாக்கி, “காக்கா, ஊட்ட உடாதீங்க, உங்கட உரிமெ” என்றும் எழுதிவிட்டார். இப்படி ஒரு புண்ணியவான் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அது மாப்பிள்ளையின் உம்மாவின் கண்ணுக்குப் போனது.

றிஸானா அழுதுகொண்டே தொலைபேசியில் வந்தாள்.

“என்ன காக்கா செஞ்சி வெச்சிரிக்கீங்க? மாப்பிள்ளெ ஊட்டார் மூத்தவர அனுப்பிக் கேக்குறாங்க, ஊடு புள்ளைக்கா மாமாக்கா எண்டு. கிறுகி வந்து இரிக்கப் போறன் எண்டு நீங்கதானே சொல்லிரிக்கீங்க?”

“அது படத்துக்குச் சொன்னது புள்ள. பொம்ம ஊடு அது.”

“பொம்மையோ மெய்யோ, உங்கட வாயால சொன்னதுதானே! மறுகா ஒரு நாளைக்கு மாமன் வந்து பங்கு கேட்டா எங்கட மகன் எங்க போற எண்டு கேக்குறாங்க. நாள் வைக்கிறத்த நிப்பாட்டிட்டாங்க. புள்ள சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறாள்.”

வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். காட்டியாயிற்றாம். உறுதி பெட்டிக்குள்ளே கிடக்கும், காணொளி ஊரெல்லாம் ஓடும் என்று அந்த அம்மா சொன்னாராம். வாழ்நாளில் ஒரு கல்லும் வாங்காமல் மகனைப் பெற்று வைத்திருக்கும் அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் நுஸ்றாவை நினைத்ததும் ஆத்திரம் பயமாகிவிட்டது. வீட்டில் வில்லங்கம் என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டால், எங்கள் ஊர்களில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாப்பிள்ளை கிடைப்பது லேசல்ல. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஜெஸீமா திரும்பியே பார்க்காமல் சொன்னாள்:

“ஆம்புளைக்கு ஏது ஊடு? இது தெரியாமயா இவ்வளவு நாளும் எங்கட உம்மாட ஊட்டுல இருந்தீங்க?”

ஹோலியிடம் போய் காணொளியை எடுத்துவிடும்படி கேட்டேன். அவளால் நம்ப முடியவில்லை. தொடரிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதானாம். கதையை விளக்கினேன். வீடு பெண்ணுக்கா, எவ்வளவு முற்போக்கு என்று கைதட்டினாள். அந்த வீடுகளைக் கட்ட வாப்பாமார் வெளிநாட்டில் முதுகு முறிவதையும் அவள் முற்போக்கில் சேர்த்தாளோ தெரியாது. கீத் மட்டும் கைதட்டவில்லை. என் தோளில் கை வைத்து, “என் மனைவியும் வீட்டை எடுத்துக்கொண்டாள், சன்னி. வக்கீல் சரியில்லை” என்றார். எனக்கும் மனைவிக்கும் ஒன்றுமில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஆமாம், நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன் என்று கண் கலங்கினார்.

கடைசியில் ஹோலி ஒரு சமரசத்துக்கு வந்தாள். பழையதை எடுத்துவிடுவாள், பதிலுக்கு நான் இன்னொன்று தர வேண்டும். சம்மதித்தேன். அதே மேசை, அதே பச்சை வீடு, அதே கிளி. இந்தமுறை அவள் தந்த வசனம் எதையும் நான் வாங்கவில்லை. முதலில் இங்கிலீஸிலும் பிறகு தமிழிலும் சொன்னேன். இந்த வீடு என்னுடையது அல்ல. என் உம்மாவுடையதாக இருந்தது, என் தங்கச்சியுடையது, இனி அவள் மகளுடையது. இதில் எனக்குப் பங்கு இல்லை, இருந்ததும் இல்லை, நான் கேட்கப் போவதும் இல்லை. நான் அங்கே போனால் விருந்தாளியாகத்தான் போவேன். அல்லாஹ்வின் மீது ஆணையாக என் சொந்த ஊரில் எனக்கு வீடு இல்லை. அட்டாளைச்சேனையில் ஒரு பெண்மணிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உரத்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும், ஹோலி கமராவை நிறுத்தும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டேன். இத்தனைக்கும் அதில் ஒரு சொல்லும் எனக்குப் புதிதல்ல.

இந்த ஊர் அழுதது. ஹோலி பின்னால் பியானோ இசை போட்டு, வீடில்லாத சன்னி என்று தலைப்பு வைத்தாள். மண்டபத்து வாசலில் ஒரு மூதாட்டி தானே பின்னிய கம்பளிப் போர்வையைத் தந்துவிட்டுப் போனாள். யாரோ சூப் தகரங்கள் வைத்தார்கள். அவற்றில் பாதி பன்றி இறைச்சி. கீத் தன் தாயின் வீட்டுப் பின்னறையில் தன்னோடு வந்து தங்கலாம் என்றார். வாடகை வீட்டில் மனைவியோடு நன்றாகத்தான் இருக்கிறேன் என்றால், பாவம், மானஸ்தன் என்று பார்க்கிறார்கள். கல்முனையில் அதே காணொளியைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். எனக்கு வீடில்லை என்பது உறுதியானதும் மாப்பிள்ளை வீட்டார் நாள் வைத்துவிட்டார்கள். றிஸானா திரும்பவும் அழுதாள், இந்தமுறை சந்தோசத்தில். “காக்கா, நீங்க வந்தா முன் அறையத் தாறம், ஏசியும் போடப் போறம்” என்றாள். முன் அறை எங்கள் வீட்டில் வெளியாட்களுக்கு உரியது. அது அவளுக்கும் தெரியும்.

கட்டிகள் கிளப்பின் சொத்து என்பதால் வீட்டைப் பிரித்து நிறவாரியாகப் பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை கீத்தும் நானும் உட்கார்ந்தோம். கூரை போயிற்று, விறாந்தை போயிற்று. அப்போது மச்சானிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. றிஸானாவின் கணவர், இப்போதெல்லாம் வாயெல்லாம் பல். போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். புதுப் பெயின்ற், புது ஓடு, பின்னால் சிமெந்துப் புழுதிக்குள் ஒரு மேசன். குசினிக்குப் பின்னால் இருந்த அறையின் ஒரு சுவர் ஏற்கெனவே கீழே கிடந்தது.

“மாப்பிள்ளைக்கு அற்றாச் பாத்ரூம் வேணுமாம் மச்சான். இந்தப் பழைய அறையாலதான் எடுக்கிறம். ஜன்னல் ஒண்டு இரிக்கி, கம்பி துருப்புடிச்சாலும் பலக நல்லம். வெச்சிக்கவா, எறியவா?”

நான் வாய் திறக்கும் முன், இந்தப் பக்கம் கீத் அந்தச் சின்ன அறையை முழுதாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். விதிக்கு மாறாக, குரலைத் தாழ்த்தி, இதை நீ வைத்துக்கொள், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றார்.

“வேணாம்” என்றேன்.

மச்சானுக்குத்தான் சொன்னேனா, கீத்துக்கா, எனக்கே தெரியவில்லை. தமிழ் ஒரு சொல்லும் அறியாத கீத், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவர் சுவராகப் பிரித்துப் பச்சைப் பெட்டிக்குள் போடத் தொடங்கினார். போனுக்குள் மேசன் ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சத்தங்களும் கேட்கும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.