யாருடைய வளையம் நசுங்கியது?

சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் உமாமகேஸ்வரியிடம் விலை பேசலாம். நியாயம் மட்டும் பேசக்கூடாது. பேசினால் பூக்கட்டும் கை நின்றுவிடும், வாய் ஆரம்பித்துவிடும்.

முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் முத்துராமன் இது தெரியாமல் மலர்வளையம் சொல்ல வந்து மாட்டிக்கொண்டார். போரில் இறந்தவர்களுக்காக அவர்கள் சங்கம் குவீன்ஸ்டவுனில் ஒரு நினைவுத்தூண் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் மதத்துக்கு ஒருவர் அங்கே பிரார்த்தனை சொல்லி மலர்வளையம் வைப்பார்.

"பெரிய மதத்துக்கெல்லாம் பெருசா கட்டுங்க. சின்னதுக்கெல்லாம் சின்னதா போதும் லா. பார்சியில வர்றதே ரூஸ்தம் ஒருத்தர்தான்."

"குண்டு என்ன, மதத்தைக் கேட்டுட்டா விழுந்துச்சு? எல்லாருக்கும் ஒரே சைஸ்தான். பிடிக்கலைன்னா வேற கடை பாருங்க."

பார்த்திருப்பார். ஆனால் அந்த ஆண்டு இந்துக்கள் சார்பில் வளையம் வைக்கப்போகிறவரே உமாவின் கணவர் கோவிந்தராசு. ராணுவத்தில் சார்ஜண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை. மனுஷன் புதுக் கோட்டு தைத்து, உட்லண்ட்ஸ் வீட்டு வாசல் நடையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து பழகினார். "அண்ணே, யார் மேல படையெடுக்கப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டு ஆமினா பீவி கேட்டே விட்டார்.

விழா நாளன்று உமா வளையங்களை வேனில் அடுக்கிவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டாள். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல. அவளுக்குப் பெருமையோ பெருமை! வேன் ஒரு திருப்பத்தில் குலுங்கியது. சரிந்தவற்றைப் பிடிக்கப் போனவள், தொப்பென்று ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயையோ! எழுந்து பார்த்தால் மிதிபட்ட தோசை மாதிரி கிடந்தது.

இறக்கி வைத்ததும் முத்துராமன் தலையில் கைவைத்தார். வேறு கட்ட நேரமில்லை. எது யாருடையது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை ரூஸ்தமுக்குக் கொடுத்துடலாம். ஒருத்தர்தானே, ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சற்றுத் தள்ளி ரூஸ்தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமல் தூணையே பார்த்தார். சொல்ல மாட்டார்தான். வாய் திறக்காதவர்களுக்குத்தானே எப்போதும் நசுங்கியது போகிறது! உமா முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆனால் அந்தப் பக்கம் புதுக் கோட்டில் மாப்பிள்ளை போல் கணவர் நிற்கிறாரே. இதை அவர் கையில் கொடுத்தால் ஜென்மத்துக்கும் மன்னிப்பாரா? அவளுக்கே அழுகை வந்தது.

"அது எங்களோடது," என்றாள்.

"எங்களோடதுன்னா?"

"இந்துக்களோடது. நான் உக்காந்தது எங்க வளையத்து மேலதான். கட்டினவளுக்குத் தெரியாதா?"

பச்சைப் பொய். முத்துராமன் திரும்பிக் கோவிந்தராசுவைப் பார்த்தார். கோவிந்தராசு வளையத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு ரூஸ்தமின் முதுகைப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"என்ன செயலாளரே பாக்குறீங்க?" என்று மைதானமே திரும்பிப் பார்க்க அதட்டினார். "எங்களோடதுதான். கொடுங்க இப்படி!"

அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வரிசையில் ரூஸ்தமுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.