எல்லையில் நிற்கும் குழந்தைசாமி

கொல்லிமலையில் நாடு என்று சொன்னால் டெல்லியை நினைத்துக்கொள்ளக் கூடாது. மேட்டில் நாலு ஊர், பள்ளத்தில் ரெண்டு ஊர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோயில், அவ்வளவுதான் ஒரு நாடு. மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிற குப்பாயி வெள்ளப்பாறை நாட்டுக்காரி. அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் சேர்ந்து மேல்கூட்டு என்று ஒன்று வைத்திருந்தார்கள். எல்லைத் தகராறோ திருவிழாத் தேதியோ, மேல்கூட்டு சொன்னதுதான் முடிவு. சாவுக்கும் அப்படித்தான். ஒருவர் செத்துப்போனால் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஓர் ஆள் வருவார். பாடைக்கு முன்னால் நின்று, "எங்க மண்ணு வழியாப் போலாம், வழி உட்டோம்" என்பார். செத்தவர் மலை இறங்கிப் போக எல்லா நாட்டு மண்ணையும் மிதித்தாக வேண்டுமே! வழி கிடைக்காதவர் எல்லையிலேயே நிற்பார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் வெள்ளப்பாறைக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திருவிழாத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேல்கூட்டு சொல்லிவிட்டதாம். "எங்க சாமிக்கு நோம்பித் தேதி குறிக்க அடுத்த நாட்டான் யாரு?" என்று துண்டை உதறினவன் சின்னான், குப்பாயியின் கொழுந்தன். வாய்னா வாய், மலையடிவாரம் வரைக்கும் கேட்கும். விலகிடலாம் என்று ஆம்பளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். குப்பாயியின் வீட்டுக்காரர் குழந்தைசாமியும் தூக்கினார். பட்டாசு வேறு வெடித்தார்கள், பாவிகள்.

அந்த மழைக்காலத்திலேயே குழந்தைசாமி நெஞ்சுச் சளியில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்தார் என்று பழக்கத்தில் வாயில் வந்துவிடுகிறது. எங்கே போய்ச் சேர்ந்தார்? வழி விட ஒருத்தரும் வரவில்லை. விலகிய நாட்டுச் சாவுக்கு யார் வருவார்கள்?

காரியம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன குப்பாயிக்கு எல்லைக்கல் பக்கம் இருமல் கேட்டது. ரெண்டு சிறு இருமல், ஒரு செருமல். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம் தப்புமா? கிட்டப் போனாள். ஆளைக் காணோம். புல் மட்டும் ஓர் ஆள் நின்ற அளவுக்கு அமுங்கியிருந்தது. தழையைப் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டாள்.

ஆனால் பயம் எத்தனை நாளைக்கு இருக்கும்? மழை பெய்தால், ஐயோ, நனைகிறாரே என்று இருந்தது. தினமும் போக ஆரம்பித்தாள். சின்னானிடமும் போய்ச் சொன்னாள்.

"தம்பி, உங்க அண்ணன் எல்லையில நிக்கறாருப்பா. மறுபடி சேந்துக்கலாம்னு கூட்டத்துல சொல்லு."

"அவங்க கால்ல போயி உழுவச் சொல்றீங்களா அண்ணி? நம்ம நாடு நமக்குப் பத்தாதா?" என்றான் சின்னான். வீறாப்பெல்லாம் பேச்சில்தான். பொழுது சாய்ந்தால் அவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இப்படி இருக்கையில் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த குப்பாயி முன்னால் ஒரு காலேஜ் பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் கலைச்செல்வி. கையில் போன், கருத்துக்கணிப்பு எடுக்க வந்தவள்.

"ஏனுங்கம்மா, ஒரு கேள்வி கேக்கலாங்களா? நாடுகளெல்லாம் சேந்து ஒரு பெரிய கூட்டு வெச்சுக்கிட்டா, அதுல நம்ம நாடு சேரலாமா, தனியாவே இருக்கலாமா? உங்க அபிப்ராயம் என்னங்க?"

மிளகை அள்ளின கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னையா கேக்கற கண்ணு?"

"உங்களைத்தாங்க."

"சேரணும். இன்னைக்கே சேரணும். எங்க ஊட்டுக்காரரு எல்லையில நிக்கறாரு."

"மிலிட்டரிங்களா?"

"இல்ல சாமி. செத்துட்டாரு."

நாட்டுக்காக உயிரை விட்டவர் என்று நினைத்து, பாவம், அந்தப் பெண் எழுந்து விறைப்பாக நின்றது. "எந்த எல்லையிலங்க?" என்று மெதுவாகக் கேட்டது.

"ஓடைக்கு அந்தப் பக்கம்."

அப்புறம்தான் குட்டு உடைந்தது. அவள் கேட்டது இந்தியாவைப் பற்றி. ஐரோப்பாவில் அப்படி ஒரு கூட்டு இருக்கிறதாம், உள்ளே இருக்கிற நாட்டு ஜனம் தடையில்லாமல் எல்லை தாண்டலாமாம், வேண்டாம் என்று விலகிப்போன நாடும் உண்டாம்.

"விலகினவங்க ஊர்ல செத்தவங்க எங்க நிக்கறாங்களோ" என்றாள் குப்பாயி. கலைச்செல்வி அதையும் போனில் பதிந்துகொண்டாள்.

தப்பாகக் கேட்டால் என்ன, கேட்டாளே! உன் அபிப்ராயம் என்ன என்று குப்பாயியை அதுவரை ஓர் ஈ காக்காகூடக் கேட்டதில்லை. நாட்டுக்கூட்டத்தில் பொம்பளைகள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவள் விறுவிறுவென்று உள்ளே போய் நடுவில் நின்றாள்.

"ரோஷம் உங்களுது. நிக்கறது எங்க ஊட்டுக்காரரு. ஆராச்சும் ஒருத்தர், அந்த இருமல் எனக்குக் கேக்கலைன்னு கோயிலைப் பாத்துச் சொல்லுங்க."

ஒருத்தரும் கோயில் பக்கம் திரும்பவில்லை. சின்னான்தான் முதலில் உடைந்தான். "கேக்குது அண்ணி. தினமும் கேக்குது" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அன்றைக்கே மறுபடி கையைத் தூக்கினார்கள், இந்தத் தடவை சேருவதற்கு.

மேல்கூட்டின் பதிலோடு ராசப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு.

"சேத்துக்கறோம். இனிமே உங்க நாட்டுல சாகறவங்களுக்கு வழி உடறோம். வெளிய இருந்தப்பச் செத்தவங்களுக்குக் கெடையாது. அதுதான் முடிவுங்க."

"எங்கண்ணன் என்ன பாவம் பண்ணுனாரு?" என்றான் சின்னான்.

"அவரும்தானே விலகக் கையத் தூக்குனாரு?"

மற்றவர்கள் தங்கள் தங்கள் சாவுக்கு வழி கிடைத்ததே என்று தலையை ஆட்டினார்கள். குப்பாயி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். வெளியே நடந்தாள்.

நேராக எல்லைக்குத்தான் போனாள். இருமல் கேட்டது. செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. மலையில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அது தெரியாதவளா அவள்?

"இங்க பாருங்க, உங்கள உட மாட்டாங்களாம். நின்னது போதும். ஊட்டுக்கு வாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இருமல் பின்னாலேயே வந்தது. ஓடையைத் தாண்டி, மிளகுக்கொடியைத் தாண்டி, சின்னான் வீட்டு வாசலைத் தாண்டி வந்தது. சின்னான் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான். குப்பாயி தன் கதவை விரியத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வெள்ளப்பாறை நாடு இன்றைக்கு மேல்கூட்டில் இருக்கிறது. குப்பாயி வீட்டு வாசலை மட்டும் ஒருவரும் மிதிப்பதில்லை. சந்தையில் அவளைப் பார்க்கிறவர்கள், தனியாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

"தனியா எங்கங்க இருக்கறேன்?" என்கிறாள் அவள். "ஊட்ல ஆள் இருக்குதுங்க."