தேவஸிச் சேட்டனின் சின்ன சம்சயம்

"எனக்கு ஒரு சின்ன சம்சயம்" என்று தேவஸி எழுந்து நிற்கும்போதே, மைக் வைத்திருக்கும் பெண் அரங்கின் மறுகோடிக்கு நகர ஆரம்பித்துவிடுகிறாள். பிரயோசனம் இல்லை. கல்யாணப் பந்தலின் ஒரு மூலையில் நின்றுகொண்டு மறுமூலையில் நாற்காலி அடுக்குகிறவனை அதட்டி அதட்டி வளர்ந்த தொண்டை அது. பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டப் போகிறார், சபை மரியாதை நினைவுக்கு வருகிறது, இறக்கிவிட்டுக்கொள்கிறார். பிறகு ஆரம்பிக்கிறார்.

"சின்னதுதான். ஆனா அதுல மூணு கிளை இருக்கு."

முன்வரிசையில் யாரோ "கர்த்தாவே!" என்று முனகுகிறார்கள். தேவஸி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

திருச்சூரில் எங்கே ஓவியக் கண்காட்சி திறந்தாலும், எந்த தேசத்துக்காரர் வந்து எந்த இரும்பைத் தட்டி இது சங்கீதம் என்றாலும், முதல் கேள்வி தேவஸியுடையது. ஊரே ஒப்புக்கொண்ட பாத்தியதை அது. புத்தன்பள்ளி தேவாலயத்துக்குப் பின்தெருவில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, கரண்டி, பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி. அடுத்த கதவு என்னுடைய திரைச்சீலைத் துணிக்கடை. சங்கரன்கோவிலிலிருந்து நான் இங்கே வந்து பாதி ஆயுசு ஆகிவிட்டது. இன்னும் இந்தத் தெருவுக்கு நான் வெறும் 'அண்ணாச்சி'தான். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன்.

"இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுது சேட்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாற்காலியால பிடிச்சுது அண்ணாச்சி. ஏதோ புரோகிராம்னு என்கிட்ட நாற்காலி எடுத்தாங்க. முடிஞ்சா வண்டியில ஏத்திட்டுப் போலாம்னு கடைசி வரிசையில உட்கார்ந்தேன். மேடையில ஒரு வெள்ளைக்காரன் இரும்புக் கட்டிலை வெச்சு ரம்பத்தால இழுத்துட்டு இருக்கான். ஆளுங்க ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்க. கடைசியில நானும் என் நாற்காலியும்தான் பாக்கி. என்னடா இது, இவ்வளவு தூரம் வந்து இழுக்கறானே, ஒரு வார்த்தை கேக்காமப் போனா நல்லாவா இருக்கும்னு போய்க் கேட்டேன். அந்த மனுஷன் என் கையைப் புடிச்சுட்டு விடவே இல்ல! பேசறான், பேசறான், கண்ணு கலங்கிப் பேசறான். எனக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா என்னா சந்தோஷம் அவனுக்கு!"

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு கடமை. சாப்பிட்டவன் ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவிவிட்டுப் போவதை அவரால் எந்தப் பந்தியிலும் பொறுத்துக்கொள்ள முடியாது. இங்கேயும் அப்படித்தான்.

எல்லாக் கேள்வியும் முத்து என்று நான் சொல்லவரவில்லை. பாதிக்கு மேல் கழுத்தறுப்பு. பியானோவைத் திறந்து உள்ளே கம்பிகளை ஸ்பூனால் வாசித்த அம்மாளிடம், அந்த ஸ்பூன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, இங்கே வாங்கியதா என்று கேட்டார். உடைந்த ஓடுகளைக் குவித்துவைத்து அதுதான் சிற்பம் என்றிருந்த இளைஞனிடம், நாளைக்குக் கூட்டுகிறவள் வாரிப் போட்டுவிட்டால் மறுபடி குவிப்பாயா, குவித்தால் அது இதுவா வேறா, வேறென்றால் இதற்கு ஏன் கயிறு கட்டி வைத்திருக்கிறாய் என்று கிளை கிளையாய்ப் பிடித்தார். பையன் வேர்த்துப் போனான். ஒரு பெண் அசையாமல் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே கலை என்று ஒரு நிகழ்ச்சி. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மௌனமாய்ப் பார்த்துவிட்டுப் போனார்கள். தேவஸி மட்டும் வெளியே ஓடி ஒரு கிளாஸ் எலுமிச்சை ஜூஸ் வாங்கிவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, "கலை முடிஞ்சதும் குடி மோளே" என்றார், சொந்த மகளிடம் சொல்வதுபோல். அவள் அசையவில்லைதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய ஒரே மகள் ஆன்ஸி. பெங்களூரில் கட்டட வரைபட ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவள், போன மழைக்காலத்தில் அதை விட்டுவிட்டு இரண்டு பெட்டி நிறைய ஒயரோடு வந்து இறங்கினாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் தேவஸி, "சவுண்டு" என்று சொல்லிவைத்தார். கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் செட் வேண்டும் என்று இரண்டு பேர் அட்வான்ஸோடு வந்துவிட்டார்கள்!

ஊரிலுள்ள கலை அகாடமியின் சின்ன அரங்கில் ஆன்ஸிக்கு ஒரு சனிக்கிழமை மாலை கிடைத்தது. சொந்த ஊரில் முதல் மேடை. அந்த வாரம் நான் அவர்கள் வீட்டில் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆன்ஸி தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பச்சா, அன்னிக்கு நீங்க கேள்வி கேக்கக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணுகூட வேண்டாம்."

"கிளை இல்லாம?"

"மனுஷா, பொண்ணு கெஞ்சறா, தெரியலையா!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஸெலின் சேச்சி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"விளையாட்டு இல்ல அப்பச்சா" என்றாள் ஆன்ஸி. "பெங்களூர்ல வாசிச்சா கை தட்டறாங்க. அங்க எதுக்கும் தட்டுவாங்க. இது என் ஊரு. இங்க ஒரே ஒரு ஆளுக்காவது நான் செய்யறது கேக்குதான்னு எனக்குத் தெரியணும். நீங்க எழுந்தா எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சுட்டே வீட்டுக்குப் போயிடுவாங்க, நான் என்ன வாசிச்சேன்னே ஞாபகம் இருக்காது. அப்படி ஆச்சுன்னா நான் ஆபீஸுக்கே திரும்பிப் போயிடறேன். இன்னும் எடம் வெச்சிருக்காங்க."

தேவஸி அவள் தலையில் கைவைத்து, "கர்த்தர் மேல சத்தியம். வாயைத் தொறக்கமாட்டேன்" என்றார். பாவம், அப்பத்தை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

சனிக்கிழமை எங்கள் தெருவே அரங்கில் இருந்தது. தேவஸி, அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸெலின் சேச்சி. திரை விலகியது. இரும்புக் கம்பங்களில் சங்கிலி போட்டு, வாய் கீழே பார்க்க மூன்று பிரியாணி அண்டாக்கள் தொங்கின. ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டு வைத்ததுபோல் ஒரு சின்ன மைக். என் முழங்காலை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"அண்ணாச்சி, அது நம்ம அண்டா!"

"சும்மா இருங்க சேட்டா."

"அந்தப் பெருசு நாளைக்கு ஒல்லூர்ல ஞானஸ்நானத்துக்குப் போகவேண்டியது…"

நான் அவர் வாயைப் பொத்தினேன். ஸெலின் சேச்சி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குடோனைத் திறந்துவிட்டது யார் என்று அந்த முகமே சொல்லியது.

ஆன்ஸி வயலின் வில் ஒன்றை எடுத்து அண்டாவின் விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கேயோ மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்தேன். திடீரென்று என் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! காதுக்கு வருவதற்கு முன்னால் அது நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு அண்டா முடிக்கும் இடத்தில் அடுத்தது எடுத்துக்கொண்டது. கையில் ரோமம் நட்டுக்கொண்டு நின்றது. பூரத்து மேளத்துக்கு முன்வரிசையில் நின்று கை வீசுகிற கோஷ்டி ஒன்று எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர்கள் தொடையில் விரல் போட்டுத் தாளம் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடுவில் ஆன்ஸி வில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முடிந்துவிட்டதா, இல்லையா? ஒருவர் இரண்டு தட்டுத் தட்டி, தனியாய்த் தட்டுவது தெரிந்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டார். யாரோ இருமினார்கள். அதைக் கேட்டு நாலு பேருக்கு இருமல் வந்தது. மறுபடி வில் இறங்கியது, பெரிய அண்டா ஒரு நீண்ட மூச்சு விட்டது, எல்லாம் ஓய்ந்தது.

கை தட்டினார்கள். தட்டினார்கள் என்றால், மழைக்கு முன் கொடியில் துணி எடுக்கிற அவசரத்தோடு தட்டி முடித்தார்கள்.

"யாருக்காவது கேள்வி உண்டா?" என்று நிகழ்ச்சியை நடத்துகிறவர் கேட்டார்.

அரங்கு மொத்தமும் தேவஸியைத் திரும்பிப் பார்த்தது. தேவஸி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிய தலைகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குப் போயின. எனக்கு அப்போதுதான் திக்கென்றது. தேவஸிக்கே கேட்க ஒன்றுமில்லை என்றால் இதில் ஒன்றுமே இல்லை என்றுதானே இந்த ஊர் அர்த்தம் பண்ணும்! மேளக் கோஷ்டி செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்தது. மேடையில் ஆன்ஸி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். இன்னும் கொஞ்சம் போனால் அந்தப் பெண் ஆபீஸுக்குப் போன் போட்டுவிடுவாள் என்று தோன்றியது.

என் விலாவில் ஓர் இடி விழுந்தது.

"நீங்க கேளுங்க அண்ணாச்சி."

"எனக்கு என்ன சம்சயம்?"

"என் சம்சயம்தான். நடுவுல நிறுத்தினாளே, அது அவளா நிறுத்தினதா, தானா நின்னதான்னு கேளுங்க. சீக்கிரம், எழுந்து போறாங்க!"

காய்கறி பேரம் பேசினாலே சிரிப்பு வாங்குகிற மலையாளம் என்னுடையது. ஆனாலும் எழுந்தேன். மைக்கை வாங்கி, அப்படியே கேட்டேன்.

ஆன்ஸியின் கண் என்னைத் தாண்டி என் பக்கத்து நாற்காலிக்குப் போனது.

"இது அண்ணாச்சியோட சம்சயமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செருப்பு துழாவிய கால்கள் நின்றன. "நான் நிறுத்தினது வில்லை மட்டும்தான். சத்தம் நிக்கல, உள்ள சுத்திட்டுத்தான் இருந்துது. அதைக் கேக்கணும்னுதான் வில்லைத் தூக்கினேன். நீங்க எல்லாரும் இருமிட்டீங்க."

"மொதல்ல இருமினது நான்தான்" என்று மேளக் கோஷ்டியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "என்ன பண்றது? தூசி. அண்டாவைத் துலக்காமக் கொண்டுவந்து தொங்க விட்டிருக்கீங்க."

தேவஸியின் அண்டாவையா! என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மனுஷர் பாதி எழுந்துவிட்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, ஸெலின் சேச்சி சட்டையைப் பிடித்து இழுக்க, இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அரங்கு கொல்லென்று சிரித்தது. நான் பயந்துபோய் ஆன்ஸியைப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவையே பார்த்தாள். மேடையிலிருந்து இறங்கி நேரே எங்கள் வரிசைக்கு வந்து, தன் மைக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

"கேளுங்க அப்பச்சா."

தேவஸி கையை எடுக்காமலேயே தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"சத்தியம் வாங்கினவ நான்தானே? நானே சொல்றேன். உங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க."

அவர் எழுந்தார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கத் தயாராய்த் திரும்பி உட்கார்ந்தார்கள். மைக்கை வாங்கின தேவஸி ஆன்ஸியைப் பார்க்கவில்லை, மேடையில் தொங்கிய பெரிய அண்டாவைப் பார்த்தார். அவரிடமிருந்து நான் இதுவரை கேட்டிராத சின்னக் குரல் வந்தது.

"மோளே, இதை உள்ள இருந்து கேட்டா எப்படி இருக்கும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆன்ஸி திரும்பி மேடையில் தொங்கிய அண்டாவைப் பார்த்தாள்.

"தெரியலையே அப்பச்சா" என்றாள். "நான் கேட்டதே இல்ல."

தேவஸி மைக்கை என் மடியில் போட்டுவிட்டு, வழியிலிருந்த முழங்கால்களையெல்லாம் இடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். ஆன்ஸி பின்னாலேயே ஓடினாள். பெரிய அண்டாவின் கீழே போய் முட்டியை மடக்கிக் குனிந்து, கவிழ்ந்திருந்த அதன் வாய்க்குள் தலையை விட்டு, மெதுவாக நிமிர்ந்தார். தோளுக்கு மேல் தேவஸி இல்லை. வெள்ளைச் சட்டையும் வேட்டியும்தான் மேடையில் நின்றன. ஆன்ஸி வில்லை எடுத்து விளிம்பில் வைத்துவிட்டுத் தயங்கினாள். அண்டாவுக்குக் கீழேயிருந்து ஒரு கை மட்டும் அவள் பக்கமாக நீண்டு, ஆரம்பி, ஆரம்பி என்று விரலை ஆட்டியது.