சின்ன ஸ்பீக்கரில் வராத சத்தம்

எண்பதுகளின் நடுவில், செம்பூரில் எங்கள் இரண்டு அறை வீட்டில், ஒரு பழைய நாலு சானல் ஆம்ப்ளிஃபயரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். வீணாக்கினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சாதாரண ஆம்ப்ளிஃபயரில், ஒரு பெட்டிக்குள் இருக்கும் பெரிய ஸ்பீக்கரும் சின்ன ஸ்பீக்கரும் ஒரே வழியில் ஓடும். மிருதங்கம் பலமாக விழும்போது பாடுகிறவரின் குரல் கொஞ்சம் கலங்கும். நாலு வழி இருந்தால் பிரித்துவிடலாம்: மிருதங்கம் போன்ற கனமான ஒலிக்கு இரண்டு, ஜால்ரா போன்ற கூர்மையான மெல்லிய ஒலிக்கு இரண்டு. என்னுடையது பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் வாங்கிய ஜப்பான் சாமான். அறையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைப்பதற்காகச் செய்யப்பட்டது. முன் ஸ்பீக்கர்களுக்கு ஒரு திருகு, பின் ஸ்பீக்கர்களுக்கு ஒரு திருகு. முன் வழியைப் பெரியவற்றுக்கும் பின் வழியைச் சின்னவற்றுக்கும் கொடுத்தேன். வாரம் முழுக்க ரயிலில் தொங்கிப் போய்வந்தவனுக்கு அந்த வேலைதான் ஓய்வு.

நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டுவேன். ஆறாவது படிக்கும் மகள் முன்னால் உட்கார்ந்து சொல்லவேண்டும். ஒரு பஜனை கேசட்டை ஓடவிட்டு, பெரிய ஸ்பீக்கரை முழுக்கக் குறைத்துவிட்டு, "இப்போ வருதா?" என்பேன்.

"வரல்லைப்பா."

எழுந்து முன்னால் வந்தால் ஜால்ரா தெளிவாகக் கேட்கும். பின்னால் போனால் மறுபடியும், "வரல்லை." தலைக்கு மேல் ஃபேன் ஓடும்போது, பெட்டிக்குப் பின்னால் இருப்பவனுக்கு அந்த மெல்லிய ஒலி எட்டாது. நான் நகரும்போது ஏதோ ஒயர் விட்டுப்போகிறது என்று முடிவுசெய்தேன். கெபாசிட்டரை மாற்றினேன். எல்லா இணைப்புகளையும் உருக்கிப் புதிதாகப் பற்றவைத்தேன். மூன்றாவது ஞாயிறு பொறுமை போய்விட்டது.

"கவனிச்சுக் கேளு. கிளாஸ்லயும் இப்படித்தான் இருக்கியா? டீச்சர் சும்மாவா எழுதி அனுப்பினாங்க?"

"சச்சி அப்பா, நிஜமா ஒண்ணும் வரல்லை."

"விளையாடாதே" என்று தோளில் ஓர் அடி வைத்தேன்.

சமையலறையிலிருந்து மனைவி, "உங்க டப்பா பாடல்லேன்னா குழந்தையை ஏன் அடிக்கறீங்க?" என்றாள்.

அன்றே ஒரு பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் டாக்ஸியில் ஏற்றி, மகளையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். பெட்டியைச் செய்துகொடுத்த திருநெல்வேலிக்காரரின் பட்டறை அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தவிர அது மூடியிருந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு பத்தவச்சா இப்படித்தான் சார், சண்டை வரும்" என்று சிரித்துக்கொண்டே மாட்டினார். சின்ன ஸ்பீக்கரை மட்டும் பாடவிட்டார். "கணீர்னு பாடுதே. என்ன கோளாறுங்கிய?"

"நான் பின்னால போனாத்தான் நிக்குது" என்று, வீட்டில் செய்வதுபோலவே பெட்டிக்குப் பின்னால் குனிந்து காட்டினேன். "இப்போ வருதா?"

"வரல்லை" என்றாள் மகள்.

"எனக்குக் கேக்குதே! ஏ பிள்ளே, அப்பாவ ஏய்ச்சுக்கிட்டா நிக்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே, "இல்ல, வருது மாமா" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. அவளைத் தோளைப் பிடித்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பெரிய ஸ்பீக்கரைத் திறந்து, அவள் காதருகே குனிந்து, "கேக்குதாம்மா?" என்றார். "கேக்குது." அதைக் குறைத்துச் சின்னதை ஏற்றினார். ஜால்ரா பட்டறையை நிறைத்தது.

"இப்போ?"

"நிறுத்திட்டீங்களே, மாமா."

அவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். "பெட்டில ஒண்ணுமில்ல சார்" என்றார் மெதுவாக. "பிள்ளைய டாக்டர்ட்ட காட்டிருங்க."

இத்தனை வருடமாக அவள் எங்கள் முகங்களைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். பெட்டிக்குப் பின்னால் என் முகம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குத்தான் அடி.

டாக்ஸியில் கேட்டாள், "அந்தச் சின்னதுல எல்லாருக்கும் கேக்குமா அப்பா?"

"கேக்கும்."

"அம்மாவுக்கும்?"

"அம்மாவுக்கும்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். காகிதத்தில் கோடு கனமான ஒலிகள் இருக்கும் பாதிவரை நேராகப் போய், மெல்லிய ஒலிகளில் சரிந்து விழுந்தது. சின்ன வயதில் காய்ச்சலுக்கு ஊசி போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். மூன்று வயதில் போட்டோம். கையை அழுத்திப் பிடித்துக்கொண்டவன் நான்தான். அந்த மருந்து காதைக் கெடுத்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்லமுடியாது என்றார். அந்த நிச்சயமின்மை இன்றுவரை என்னை விடவில்லை.

சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு காதுக்கருவி கொடுத்தார்கள். அதில் ஒரே திருகு. திருகினால் எல்லாமே சேர்ந்து உயரும். அவளுக்கு ஏற்கெனவே கேட்கிற பஸ்ஸும் லாரியும் இன்னும் உறுமும். மெல்லிய ஒலியை மட்டும் ஏற்றித்தரும் கருவி உண்டா என்று ஆபீஸில் அரைநாள் லீவு போட்டு சயானிலிருந்து ஃபோர்ட் வரை கேட்டுவிட்டேன். மரப்பெட்டிக்கு நான் செய்ததை அவள் காதுக்குச் செய்ய ஆள் கிடைக்கவில்லை. பள்ளிக்கு மாட்டிக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஏறியதும் கழற்றிவிடுவாள். நான் வற்புறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் களைத்து வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே தண்ணீர் கேட்டேன். உள்ளே ஃபேன் இரைச்சலில், கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் உரக்கக் கேட்டேன். பேனா நிற்கவில்லை. ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் அவள் முன்னால் நின்றேன். நிமிர்ந்தவள் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள், கோபமா என்று.

"ரொம்ப நேரமாக் கூப்பிட்டீங்களாப்பா?"

"இல்லைம்மா. இப்பத்தான் வந்தேன்" என்றேன்.