அமுகோயா உள்ளே போன கூடு

எங்கள் விகிகா மலைச்சரிவில், விருந்தாளிக்குக் கோழி அடித்துச் சமைக்காத வீட்டை யாரும் வீடாக மதிப்பதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் என் பக்கத்து வீட்டு அமுகோயாவின் கோழிகள் சமையலறை மூலையில்தான் படுத்துக் கிடந்தன. முப்பது வருஷம் நைரோபிக்கு பஸ் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று வந்த வாரமே, கூடு கட்டப் படம் போடுகிறேன் என்று நோட்டோடு உட்கார்ந்தார். எழுந்திருக்க நான்கு மாதம் ஆனது.

ஒரு கோழிக்கு ஒரு சாண் என்று அளந்து உட்காரும் கம்புகள். சமையலறைச் சுவரின் சூடு படும் பக்கம் குஞ்சுகளுக்குத் தனி அறை. அதன் சட்டங்களுக்கு நடுவே குஞ்சு நுழையலாம், பெரிய கோழி நுழைய முடியாது. தீனி உள்ளே இருக்கும்.

"சீட்டு நம்பர் போட்டாச்சு. டிக்கெட் யாரு கிழிப்பா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"சிரி, சிரி. உன் வீட்டுக் குஞ்சைத்தான் பருந்து தூக்கிட்டுப் போகுது" என்றார்.

அது உண்மைதான்.

அவர் மனைவி கசாண்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூத்த மகள் ஆயூமாவின் பெயரைச் சொல்லித்தான் கணவரைக் கூப்பிடுவாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு, ஆயூமா அப்பா. உள்ள பெருக்க மனுசன் எந்த வழியாப் போறது?"

"அதெல்லாம் டிரைவர் பாத்துக்குவான்."

கூடு எழும்பியது, கோழி நுழைகிற வாசல் ஒன்றோடு.

ஆயூமாவைப் பெண் கேட்டு வரும் நாளன்று, குழம்புக்கு ஒதுக்கியிருந்த செஞ்சேவல் கூட்டின் கடைசி மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. வெளியிலிருந்து நீட்டிய கம்பு எட்டவில்லை. அமுகோயா கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையை நுழைத்தார். தோள் போனது. இடுப்பு மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா லிஹண்டா வாசலுக்கு வந்துவிட்டார்.

"வீட்டுக்காரர் இல்லையா?"

"உங்களுக்காகத்தான் உள்ள போயிருக்காரு" என்று கசாண்டி இரண்டு கால்களைக் காட்டினாள்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. இதோ வந்துட்டேன்" என்றது கூடு.

"மெதுவா வாங்க. நாங்க சாயங்காலம் வரைக்கும் இருப்போம்."

லிஹண்டாவும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். ஷூதான் வந்தது. கடைசியில் கசாண்டி முக்காலி போட்டு ஏறி, கூரைத் தகரம் இரண்டைப் பெயர்த்தாள். முதலில் சேவல் வெளியே பறந்தது, பிடித்துவிட்டேன். பிறகு மேல் சட்டத்தைப் பிடித்து இடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, தலையெல்லாம் வைக்கோலோடு அமுகோயா எழுந்து நின்று, கூட்டுக்குள்ளிருந்தபடியே சம்பந்திக்குக் கை கொடுத்தார்.

லிஹண்டா சிரிக்கவில்லை. குஞ்சு அறைப் பக்கம் குந்திவிட்டார். குஞ்சுகள் சட்டத்துக்குள் ஓடித் தீனி பொறுக்க, பெட்டைக்கோழிகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன.

"சந்து எத்தனை விரல்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், நோட்டு வெளியே வந்துவிட்டது. கல்யாணப் பேச்சை அவர்கள் தொடங்கும்போது உகாலிக் களி ஆறிப்போயிருந்தது. பேச்சு நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் கசாண்டி தானே ரம்பம் எடுத்து மனுஷ வாசல் வெட்டினாள். அந்தப் பருவம் அவர்கள் வீட்டில் பொரித்த பதினொரு குஞ்சில் ஒன்றைக்கூடப் பருந்து தொடவில்லை. எனக்கு ஒன்பதில் மூன்று மிஞ்சின.

அமுகோயாவிடம் படத்தைக் கேட்டுப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்து விளக்கினார். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.