தெருவுக்குப் போட்ட மார்க்

பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். தெருக்களுக்கு மார்க் போடுகிறவளை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. நகராட்சியில் அவளுடைய வேலையே அதுதான். ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, நுனியில் சக்கரம் வைத்த அளவுக் கம்பை உருட்டியபடி தெருத் தெருவாக நடப்பாள். விரிசல் எவ்வளவு நீளம், குழி எவ்வளவு ஆழம், பழைய ஒட்டு எங்கே பெயர்ந்திருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பாள். தெரு முடிகிற இடத்தில் நின்று, நூற்றுக்கு இத்தனை என்று கையிலிருக்கும் கருவியில் தட்டி அனுப்புவாள். மார்க் குறைந்த தெருவுக்கு முதலில் தார் போடுவார்கள். மார்க் அதிகம் வாங்கிய தெரு காத்திருக்கும்.

அவளுக்கு ‘ரோட்டு டீச்சர்’ என்று பெயர் விழுந்திருந்தது.

“டீச்சர், எங்க தெரு பாஸா?” என்று கடைக்காரர்கள் வம்புக்கு இழுப்பார்கள்.

“படிச்சாத்தானே பாஸாகும்” என்று நிமிராமலே சொல்லிவிட்டுப் போவாள்.

மார்க் விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் கிடையாது. சொந்த அண்ணன், “என் தெருவுக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடேன், சீக்கிரம் தார் வரும்” என்று கெஞ்சியும், எழுபத்திரண்டில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் வந்தவள். அதற்கப்புறம் வெகு காலம் அண்ணி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவருடைய வலது பக்கம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“வீட்டுக்குள்ள நடக்கறது போதாது. தினமும் வெளிய நடக்கணும், தூரத்தைக் கூட்டிக்கிட்டே போகணும்” என்றார் டாக்டர். “இந்த ஒரு வருஷம்தான் கால் இளகிக் கொடுக்கும். விட்டுட்டா இறுகிடும். அப்புறம் நான் மட்டுமில்ல, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

முன்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள் வைத்த வாக்கர் ஒன்று வந்தது. டிரைவருக்கு அதில் ஒரே ஒரு ஊர்தான் போக வேண்டியிருந்தது: தெருமுனை முடிதிருத்தும் கடை. அவருடைய கூட்டாளிகள் காலையில் கூடி உலகத்தையே திட்டித் தீர்க்கிற இடம் அது. ஆனால் நடைபாதை இல்லாத தெரு. மூன்று வீடு தாண்டுவதற்குள் சக்கரம் விரிசலில் சிக்கிக்கொள்ளும்.

“பிரேக் டவுன்! டெப்போவுக்கு போன் போடு!” என்று கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வருவாள்.

ஒரு தடவை சிரிக்க முடியவில்லை. சக்கரம் நின்றது, உடம்பு நிற்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி ஓடி வந்து தாங்கியிராவிட்டால் மண்டை போயிருக்கும். வாடகை வண்டி வைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்க வேணாம். என் வாசல்லேருந்து நானாப் போறேன். போனா அப்படித்தான் போவேன்” என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் வேலை அவளுடைய தெருவுக்கே வந்து சேர்ந்தது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு தன் வீட்டையே யாரோ ஒருத்தர் வீடு போலக் கடந்து போனாள். விரிசல்கள் இருந்தன, ஆனால் தெருவின் அடித்தளம் கெட்டிருக்கவில்லை. நேர்மையாகப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டுக்கு இந்த வருஷம் எங்கே தார் வரப்போகிறது? டாக்டர் கொடுத்த வருஷம் அதற்குள் ஓடிவிடும். தெருமுனையில் நின்றாள். நாற்பத்து நான்கு என்று தட்டி அனுப்பிவிட்டு, யாரோ கூப்பிட்டது போல வேகமாக நடந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், “இந்த வருஷம் நம்ம தெருவுக்கு வந்துடும்ங்க” என்றாள்.

“அடி சக்கை! ரோட்டு டீச்சர் புருஷனுக்கு ஸ்பெஷல் ரோடா?”

“சும்மா இருங்க. யார் காதுலயாவது விழப்போகுது.”

யார் காதிலும் விழாமல் இருக்க அவர் விடவில்லை. வாசலில் போனவர் வந்தவரிடமெல்லாம் சொன்னார். “என் நாற்காலியைத் துடைச்சு வை” என்று முடிதிருத்துபவருக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவள் வேலைக்குப் போன நேரத்தில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தனியாக நடை பழகினார். அவர் சாப்பிடுகிற சோற்றில்கூட ஒரு பிடி கூடியது.

வண்டிகள் வந்தன. பக்கத்துத் தெருவில் தாரைக் கொட்டி, ரோலரை ஓட்டி, வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, அவள் தெருவின் முனையைத் தாண்டி நேரே போயின. அவள் கையால் அறுபத்தொன்று வாங்கிய தெரு அது. ஒன்றும் புரியாமல் என்ஜினீயரிடம் போய் நின்றாள். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

“சார், எங்க தெரு விட்டுப்போச்சே?”

“விடல அக்கா. இந்த வருஷத்திலேருந்து முறை மாறிடுச்சு. மோசமான ரோட்டுக்கே காசைக் கொட்டிக்கிட்டிருந்தா நல்ல ரோடும் கெட்டுப்போகுதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. அம்பதுக்கு மேல இருக்கறதை இப்பவே பூசிக் காப்பாத்திடறோம். அதுக்குக் கீழ போனதைப் பூசிப் பிரயோஜனமில்ல, அடியோட தோண்டணும். அதுக்கு இப்ப வழியில்ல. நாலஞ்சு வருஷம் ஆகலாம்.”

“எங்க தெரு…”

“நாப்பத்து நாலு. அம்பதைத் தாண்டியிருந்தா நாளைக்கே உங்க தெருதான்.”

“சார், அது தப்பு. நான் தப்பாப் போட்டுட்டேன். அம்பத்தெட்டு சார் அது.”

“நீங்களா? நீங்க தப்பாப் போட்டா சூரியன் மேற்க உதிக்கும்க்கா” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பேனாவைத் திருகினார். “தார் எவ்வளவுன்னு கணக்குப் பண்ணி எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப உங்க தெருவைச் சேர்க்கணும்னா வேற ஒரு தெருவை எடுக்கணும். யார் தெருவை எடுக்கச் சொல்றீங்க?”

இந்த ஊரின் ஒவ்வொரு தெருவும் அவள் குனிந்து பார்த்த தெரு. கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் வாசற்படியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கையாலேயே எப்படியோ ஷூ நாடாவைக் கட்டியிருந்தார்.

“தார் வாசனை வருதே! வந்துட்டாங்களா?”

“அது பக்கத்துத் தெருங்க. நமக்கு… அடுத்த சுத்துல.”

“சரி, சரி. கடைசிப் பந்தின்னாலும் நமக்குச் சூடாத்தான் போடுவாங்க” என்றார்.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் கேட்டார், ஒவ்வொரு வாரமும் அவள் ஏதோ சொன்னாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். கூடத்தில் நடப்பதையும் விட்டுவிட்டார். கட்டிலிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து கட்டில் என்று ஆனது. டாக்டர் அவர் முழங்காலை மடக்கிப் பார்த்தார். மறுபடியும் மடக்கிப் பார்த்தார். வலிக்குத் தைலம் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

முடிதிருத்துபவரே ஒரு மத்தியானம் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். “உங்க தெருவுக்கு மார்க் பத்தலையாமே டிரைவரே? ஆபீஸ் ஆளு ஒருத்தர் கடையில சொன்னாரு.”

அவர் போன பிறகு, முகம் துடைக்கத் துண்டோடு வந்தவளை டிரைவர் பார்த்தார்.

“மார்க் குறைஞ்சாத்தானே முதல்ல போடுவாங்க? பத்தலைன்னா என்ன அர்த்தம்?”

துண்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நெஜமா அதோட மார்க் என்ன?”

“அம்பத்தெட்டு.”

“அதையே போட்டிருந்தா?”

“இந்நேரம்… போட்டு முடிச்சிருப்பாங்க.”

அவர் போர்வைக்குள் அசையாமல் கிடந்த காலைப் பார்த்தார். “பாவம், அது பாஸான ரோடு” என்றார்.

“என்னைத் திட்டுங்களேன்.”

“எதுக்கு? எனக்குன்னுதானே பண்ண.” இடது கையை நீட்டித் துண்டை வாங்கி, காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். “போ, டீ போடு.”

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விழுந்த அன்றும், ஆஸ்பத்திரியிலும் அழாத மனிதர். ஒரு பக்கம் இழுத்த வாயால் முழுசாக அழக்கூட வரவில்லை. பாதி பாதியாக வந்தது. கதவுவரை போனாள். திரும்பி வந்து, கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, தண்ணீர்ச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்றாள்.