ஃபாஸ்ட், ஃபாஸ்ட் என்றார் அந்த அம்மா

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தும் கோணல், ஞாபகமும் முன்னைப்போல இல்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள். எண்பதுகளின் கடைசியில், பரமக்குடியிலிருந்து இராமேஸ்வரம் போகிற பாசஞ்சர் ரயிலில் நடந்தது இது.

என் மகள் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தவறிவிட்டாள். மறுபடி எழுதுகிற பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவையும் கோட்டை விட்டா எங்க அக்கா மகனுக்குக் கட்டி வச்சிருவேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கோ நர்சுக்குப் படிக்க ஆசை. சாமி கும்பிட்டு வரலாம் என்று நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

வழியெல்லாம் புத்தகமும் கையுமாக, எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள். இங்கிலீஷில் நவுன், வெர்ப் என்று பேராம். ஒன்றின் குணத்தைச் சொன்னால் அட்ஜெக்டிவாம். "ஃபாஸ்ட்னா வேகமான, அட்ஜெக்டிவ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மண்டபம் ஸ்டேஷன் நெருங்கும்போது புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிர்சீட்டில் வடநாட்டு அம்மா ஒருவர். அவரைப் பார்க்க வைத்துச் சாப்பிடக் கூச்சமாக இருந்ததால், இலையில் கொஞ்சம் வைத்து நீட்டினேன். அவர் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "ஃபாஸ்ட், ஃபாஸ்ட்" என்றார்.

"ஏம்மா, அவுகளுக்கு ரொம்பப் பசி போல. வேகமாக் குடுங்கங்கிறாக" என்றாள் மகள்.

ஐயோ பாவம் என்று அள்ளி அள்ளி வைத்தேன். அவர் கையால் தடுத்தபடி இன்னும் சத்தமாகச் சொன்னார். நானும் இன்னும் வேகமாக வைத்தேன். கடைசியில் அவர் கும்பிட்டு, "ஏகாதசி!" என்றார்.

அவர் சொன்ன ஃபாஸ்ட், விரதம்! பெட்டியே சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஆனால் எனக்குள் குடைச்சல். "ஏத்தா, அப்ப அது வேகமா, விரதமா? நவுனா, நீ சொன்ன மத்ததா?"

 மகள் புத்தகத்தை அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவர் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாகச் சொல்லிச் சைகையும் காட்டினார். மகள் எனக்கு விளக்கினாள். அந்த அம்மா ரயிலைத் தட்டிக் காட்டினார்: ஃபாஸ்ட்டான ரயில் என்றால் அட்ஜெக்டிவ். விரல்களை மடிமேல் ஓடவிட்டார்: ஃபாஸ்ட்டாக ஓடுகிறது என்றால், ஓடுகிற விதத்தைச் சொல்வதால் அட்வெர்ப். இன்றைக்கு இருக்கும் விரதம் நவுன். விரதம் இருக்கிறேன் என்றால் வெர்ப்.

ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. "இதுவா ஃபாஸ்ட்டு? எறங்கி நடந்தா நாம முந்திருவோம்" என்றார் பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்காரம்மா.

மகள் சிரிக்கவில்லை. "சொல்லை மட்டும் மனப்பாடம் பண்ணி ஆகாதும்மா. அது எங்கன நிக்குதுன்னு பாக்கணும்" என்றாள். இராமேஸ்வரம் வரும்வரை ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டிக் கேட்டாள். பட்டினியோடு இருந்தும் அந்த அம்மா முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் பாஸாகிவிட்டாள். ரிசல்ட் பார்த்து வந்த அவள் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல், "சரி, எந்த ஊர்ல இருக்கு அந்த நர்சுப் படிப்பு?" என்று கேட்டார்.

இன்றைக்கும் ஒரு இங்கிலீஷ் சொல் காதில் விழுந்தால், இது இந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்றுதான் என் மனசு முதலில் கேட்கிறது. நான் எழுதிய நாலு வகையும் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வேகத்துக்கும் விரதத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதையும் சொன்னால், இந்த வயதிலும் ஆசையாகக் கேட்டுக்கொள்வேன்.